வெள்ளி படிந்த நெஞ்சும் எலும்பும்

பழைய எக்ஸ்ரே படம் வெள்ளியால் ஆனது. மெல்லிய நீலம் ஏறிய ஒரு தாள். அதன் இருபுறமும் ஜெலட்டின் பூச்சு. பூச்சுக்குள் வெள்ளியின் நுண்துகள்கள். கதிர் தடையின்றிப் பாய்ந்த இடத்தில் வெள்ளி கறுத்துப் படிந்திருக்கும். எலும்பு மறித்த இடத்தில் கறுப்பு ஏறாமல் தாளின் வெளிர்நீலம் நிற்கும். தசை, கொழுப்பு, இரத்தம் என ஒவ்வொன்றும் தன் அடர்த்திக்கு ஏற்ற சாம்பல் நிறத்தைப் பெறும். நுரையீரலின் காற்று கருமையாகவும், விலா எலும்புகள் வெளிறியும், இருதயம் ஒரு பக்கம் சாய்ந்த வெண்நிழலாகவும் விழுந்த பழைய நெஞ்சுப் படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தவர்கள் அதை உடனே கீழே வைப்பதில்லை. நோயைக் கண்டறிய எடுத்த படம் ஏன் இத்தனை அழகாக இருக்கிறது என்பதற்கு பௌதிகத்திலும் இரசாயனத்திலும் பதில் உண்டு. இலங்கையின் மலையகத்தில் அந்தக் கேள்வி அங்கே நின்றுவிடுவதில்லை. அந்த நெஞ்சு எப்படிப்பட்ட வாழ்க்கையைத் தாங்கியது, அந்தப் படத்தை எடுக்க அந்த உடல் எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது, இன்று அது எங்கே கிடக்கிறது என்பவையும் அதன் வரலாற்றைச் சேர்ந்தவை.

நுவரெலியா மாவட்டத்தில், ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில், அக்கரப்பத்தனைப் பள்ளத்தாக்கின் மேல்முனையில் டயகம இருக்கிறது. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறிவரும் பாதை இங்கே தேயிலை மலைகளுக்குள் முடிகிறது. தோட்டத்துக்கு ஒரு டிஸ்பென்சரி, பல தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி என்ற ஏற்பாடு மலைநாட்டில் 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்தில் தொடங்கி, 1912ஆம் ஆண்டுச் சட்டங்களால் விரிவுபட்டது. டிஸ்பென்சரின் கையில் இருந்தவை மருந்துப் போத்தல்களும் வெப்பமானியும்தான். நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை இருமலையும் உடல் மெலிவையும் கொண்டுதான் ஊகிக்க வேண்டும். எக்ஸ்ரே என்றால் தோட்டத்தைவிட்டு வெளியே போகவேண்டும். தோட்ட ஆஸ்பத்திரிகள் பலவற்றை 1990களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரும் அந்த நிலை முழுதாக மாறவில்லை. சிறிய பிரதேச வைத்தியசாலைகளில் எக்ஸ்ரே கருவி பெரும்பாலும் இருப்பதில்லை; டயகம நோயாளி நுவரெலியாவுக்கோ டிக்கோயாவுக்கோதான் போகிறார்.

எக்ஸ்கதிரின் தொடக்கம் நாள் குறிப்பிட்டுச் சொல்லக்கூடியது. 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்லெம் கொன்ராட் ராண்ட்ஜன், காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரம் பாய்ச்சிக்கொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தும், தள்ளி இருந்த ஓர் இரசாயனப் பூச்சுத் திரை ஒளிர்ந்தது. டிசம்பர் 22 அன்று மனைவி பெர்த்தாவின் கையைத் தட்டின்மேல் ஏறத்தாழ 15 நிமிடம் அசையாமல் வைத்திருக்கச் செய்து அவர் எடுத்த படம்தான் உலகின் முதல் புகழ்பெற்ற எக்ஸ்ரே. விரலெலும்புகள் கறுத்தும், தசை வெறும் மங்கலாகவும், மோதிரம் எல்லாவற்றையும்விடக் கறுப்பாகவும் அதில் தெரியும். இன்றைய பிலிமில் எலும்பு வெளுத்திருக்க, அதில் மட்டும் கறுத்திருப்பதற்குக் காரணம், கண்ணாடித் தட்டிலிருந்து காகிதத்தில் அச்சிட்டபோது நிறம் தலைகீழானதுதான். 1896 ஜனவரி முதல் வாரத்தில் வியன்னாப் பத்திரிகை செய்தியை வெளியிட்டது. சில வாரங்களில் உலகெங்கும் மருத்துவர்கள் குழாய் தேடி ஓடினார்கள். ராண்ட்ஜன் இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்குக் கிடைத்தது.

அழகுக்காகவே எக்ஸ்ரே எடுத்தவர்களும் முதல் ஆண்டிலேயே தோன்றினார்கள். வியன்னாவின் ஒளிப்படக் கல்லூரியை நடத்திய யோசெப் மரியா எடர், தன் சகாவான எடுவார்ட் வாலென்டாவுடன் சேர்ந்து 1896இல் 15 படங்கள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். தவளை, மீன், பச்சோந்தி, பாம்பு, மனிதக் கை, கால். சுருண்ட பாம்பின் முள்ளந்தண்டும் அதிலிருந்து பிரியும் நூற்றுக்கணக்கான விலாக்களும் செதுக்கு வேலையின் துல்லியத்தோடு அதில் விழுந்திருக்கின்றன. அச்சுக்கலையில் தேர்ந்த இருவர் செய்த வேலை என்பதால் அந்தத் தொகுப்பு இன்றும் ஒளிப்பட வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. அதே நகரில், 1896 ஜனவரியில், ஹஷெக், லிண்டென்டால் என்ற இருவர் ஒரு பிணத்தின் துண்டிக்கப்பட்ட கையின் தமனிகளில் சுண்ணமும் உலோகச் சேர்மமும் கலந்த குழம்பைச் செலுத்திப் படம் எடுத்தனர். விரல் நுனிவரை கிளைக்கும் இரத்தக் குழாய்கள் வேர்க்கொத்தாகத் தெரிந்தன. நாளங்களைக் காட்டும் கதிர்ப்படக் கலைக்கு அதுவே தோற்றுவாய்.

தெற்காசியாவுக்கு எக்ஸ்ரே விரைவாகவே வந்தது. 1897–98இல் வடமேற்கு எல்லையில் நடந்த திரா போரில் இராணுவ மருத்துவர் வால்டர் பீவர் காயம்பட்ட சிப்பாய்களின் உடலில் தோட்டாவைத் தேடக் கருவியை மலைப்பாதையில் கொண்டுபோனார். கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் தாமே ஒரு கருவியை அமைத்து, மருத்துவர் நீல்ரத்தன் சர்க்காரின் நோயாளிக்குப் படம் எடுத்துக் கொடுத்தார். சென்னைப் பொது மருத்துவமனையில் கேப்டன் பர்னார்ட் கட்டியெழுப்பிய எக்ஸ்ரே பிரிவு, 1934இல் அவர் பெயரிலேயே பர்னார்ட் கதிரியல் நிறுவனமாகத் திறக்கப்பட்டது. தமிழ் பேசும் நிலத்தில் இந்தத் துறைக்கென எழுந்த முதல் பெரிய நிலையம் அதுதான்.

தொடக்ககாலப் படங்களின் மென்மைக்குக் கருவியின் குறைபாடே காரணம். அன்றைய வாயுக் குழாய்களில் எஞ்சியிருந்த காற்றின் அளவு, பயன்படுத்தப் பயன்படுத்த மாறிக்கொண்டே இருக்கும். இன்று கை எலும்பைத் தெளிவாகக் காட்டிய குழாய் நாளையும் அப்படியே காட்டும் என்று நம்ப முடியாது. கதிர் புறப்படும் புள்ளி அகலமாக இருந்ததால் எலும்பின் விளிம்பில் ஒரு மெல்லிய நிழல் சேர்ந்து விழும். நெஞ்சுப் படத்துக்கு நெடுநேரம் தேவைப்பட்டதால் இருதயத் துடிப்பே அதன் எல்லையைக் கலைத்துவிடும். 1913இல் அமெரிக்காவின் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டன் இழை கொண்ட குழாயை அமைத்த பிறகுதான் கதிரின் வலிமை மனிதக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. சிதறும் கதிரை வடிகட்டும் ஈயச் சல்லடையை பக்கியும் பொட்டரும் உருவாக்கினர்; 1929இல் சுழலும் உலோகத் தட்டு கொண்ட குழாய் வந்தது. விளிம்பு கூர்மையானது, நேரம் நொடிக்கும் கீழே இறங்கியது. 1930களிலிருந்து 1970கள்வரை எடுக்கப்பட்ட பிலிம்கள் இரண்டு காலத்தின் நல்லதையும் கொண்டவை. கருவி தேர்ந்துவிட்டது, பிலிமில் வெள்ளியோ இன்னும் தாராளமாக இருந்தது. அதன் கறுப்பு ஆழ்ந்தது.

எதை மறிப்பது, எதை விடுவது என்பதைத் தீர்மானிப்பது அணு எண். கதிரை விழுங்கும் திறன் அணு எண்ணின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி உயர்கிறது. தசையில் பெரும்பங்கான ஒட்சிசனின் எண் 8, எலும்பின் கல்சியத்துக்கு 20. எண்ணில் இரண்டரை மடங்கு. மறிப்பில் அதைவிடப் பன்மடங்கு. ஆகவேதான் எலும்பு இவ்வளவு துலக்கமாகத் தனித்து நிற்கிறது. நுரையீரல் நிறையக் காற்று இருப்பதால் மருந்து எதுவும் ஏற்றாமலே நெஞ்சு தன்னைத் தானே காட்டிக்கொள்கிறது. வயிறும் குடலும் அப்படி அல்ல. அவற்றைப் பார்க்கப் பேரியம் கூழைக் குடிக்கக் கொடுத்தார்கள். மூச்சுக்குழாயின் கிளைகளைக் காண, 1920களில் பிரான்சின் சிக்கார், ஃபொரெஸ்டியே இருவரும் அயடீன் கலந்த எண்ணெயை உள்ளே வார்த்துப் படம் எடுத்தார்கள். பழைய படங்களிலேயே மிக அழகானவை இந்த மூச்சுக்குழாய்ப் படங்கள். எடுக்கப்பட்ட நோயாளிக்கு அவை கொடுமையான அனுபவம். மூச்சுவிடும் வழிக்குள் எண்ணெயை வாங்கிக்கொண்டு அசையாமல் இருந்த ஒருவரின் துன்பம் அந்த நேர்த்தியான கிளைகளுக்குப் பின்னால் இருக்கிறது.

படத்தை வெளிக்கொண்டுவரும் வேலை இருட்டறையில் நடந்தது. சிவப்பு விளக்கின் அடியில் பிலிமை உலோகச் சட்டத்தில் பூட்டி, முதலில் உருத்துலக்கும் கரைசலில், பிறகு தண்ணீரில், பிறகு நிலைநிறுத்தும் கரைசலில், மீண்டும் ஓடும் தண்ணீரில் முக்கி, கடைசியில் கொடியில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். உருத்துலக்கும் கரைசலுக்கு உகந்த வெப்பம் 20 பாகை. கொழும்பின் வெக்கையில் கரைசலைக் குளிர்விக்க வேண்டும். இல்லையெனில் ஜெலட்டின் இளகி உரியும். ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகையை ஒட்டிய நுவரெலியாவில் அதே கரைசலைச் சூடாக்க வேண்டும்; இல்லையெனில் படம் மங்கும். மலைநாட்டு ஈரத்தில் பிலிம் மெதுவாகத்தான் உலரும். சொட்டு வழிந்த தடம், சட்டத்தின் கவ்விகள் பதித்த நான்கு மூலைப் புள்ளிகள், விரல் அடையாளம், பக்கத்தைக் குறிக்க வைத்த ஈய எழுத்து, ஓரத்தில் கையால் எழுதிய பெயரும் இலக்கமும் தேதியும் என, எடுத்தவரின் கையும் படத்துக்குள் வந்துவிடுகிறது. இயந்திரமே துலக்கி உலர்த்தித் தரும் பிற்காலப் பிலிமில் இந்தத் தடங்கள் இல்லை.

மலையகத்து நெஞ்சுப் படங்களின் பெரும்பகுதி காசநோயின் வரலாறு. 10 அடிக்கு 12 அடி என்ற அளவிலான லயத்துக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்து எழுந்தது. அதே அறையில் அல்லது அதன் முன்புறத்தில் விறகடுப்பு எரிந்தது. குளிருக்கும் மழைக்கும் கதவு மூடியே இருந்தது. இருமல் மூலம் பரவும் கிருமிக்கு இதைவிட வாய்ப்பான இடம் கிடையாது. நோய் முதலில் நுரையீரலின் மேல்நுனியைப் பிடிக்கும். படத்தில் காறை எலும்புக்குப் பின்னே மங்கலான மேகம் திரளும். பிறகு அதன் நடுவே வளையமாக ஒரு குழி தெரியும். குணமானால் அந்த இடம் சுருங்கி, சுற்றியுள்ள கோடுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வருடங்கள் கழிந்தபின் கல்சியம் படிந்து வெண்புள்ளிகளாக உறைந்துவிடும். கிருமி இரத்தத்தில் பரவியவரின் படத்தில் இரு நுரையீரலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவான புள்ளிகளால் ஒரே சீராக நிறைந்திருக்கும். பார்வைக்கு அது மிக அழகான படம். மருந்து வருவதற்கு முந்திய காலத்தில் அது மரணத்தின் அறிவிப்பு.

பார்த்து வாசிப்பவரின் மனச்சாய்வு இந்தப் படங்களில் எளிதாக நுழையும் என்பதை மருத்துவ உலகம் நேரத்தோடு உணர்ந்தது. பிரித்தானியாவில் 107 நோயாளிகளோடு நடந்து 1948இல் வெளியான, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் ஆய்வில், யாருக்கு மருந்து கொடுக்கப்பட்டது என்பதை அறியாத மூவர் தனித்தனியே எக்ஸ்ரே படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். நவீன மருந்தாய்வு முறைக்கே முன்மாதிரியான வேலை அது. அதன் தொடர்ச்சி சென்னையில் நடந்தது. 1956இல் அங்கு தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்கு ஈடானது என்று காட்டியது. நோயாளியோடு வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. நல்ல உணவும் மலைக்காற்றும் ஓய்வும்தான் மருந்து என்ற நம்பிக்கை அத்தோடு சரிந்தது. மலைக்காற்றிலேயே பிறந்து, அதிலேயே காசநோய் கண்ட தேயிலைத் தொழிலாளிக்கு அந்த நம்பிக்கை என்றுமே உதவியதில்லை.

நெஞ்சுப் படம் காட்டத் தவறுவதும் உண்டு. இஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் தேயிலையை அரைத்து, சலித்து, தரம் பிரிக்கும் இடத்தில் மெல்லிய பஞ்சுத்தூசி பறக்கும். இலங்கையின் நெஞ்சுநோய் நிபுணர் ஊரகொட, தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970இல் எழுதினார். தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களைப் பற்றி 1980இல் மீண்டும் எழுதினார். ஆஸ்துமாக்காரரின் நெஞ்சுப் படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மூச்சு முட்டுகிறது என்று ஒருவர் சொல்ல, படம் சுத்தமாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரி சொல்லும்போது, படத்தை நம்பி ஆளை நம்பாமல் விடும் ஆபத்து எக்ஸ்ரேயோடு கூடவே பிறந்தது. ஊரகொடவின் எழுத்துகளின் பெறுமதி, தொழிலாளி சொன்னதைக் கேட்டு, அவர் வேலை செய்த இடத்தோடு பொருத்திப் பார்த்ததில் இருக்கிறது.

எலும்புப் படங்கள் இன்னொரு கதையைச் சொல்கின்றன. குழந்தை பிறக்கும்போது மணிக்கட்டுச் சிற்றெலும்புகள் படத்தில் தெரியாது. அவை குருத்தெலும்பாக இருக்கும். முதல் சில மாதங்களில் இரண்டு தோன்றும். எட்டும் நிறைய ஏறத்தாழ 12 வயது ஆகும். பிறந்த தேதி பதியாத பிள்ளையின் வயதைக்கூடக் கையெலும்பின் படத்தைக்கொண்டு ஓரளவு கணிக்கலாம். வளரும் எலும்பின் நுனிகளுக்கு அருகே சிலவேளை குறுக்காக மெல்லிய வெண்கோடுகள் ஓடும். 1920களின் பிற்பாதியில் ஹென்றி ஹாரிஸ் விளக்கிய இந்தக் கோடுகள், நோயாலோ பட்டினியாலோ வளர்ச்சி நின்று மீண்டும் தொடங்கியதன் தடமாக இருக்கலாம். நல்ல நிலையில் வளர்ந்த பிள்ளைகளிடமும் காணப்படுவதால் அவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால், தோட்டப் பிள்ளைகளின் வளர்ச்சி குன்றல் எக்ஸ்ரே இல்லாமலே அளந்தறியப்பட்ட உண்மை. 2016ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டப் பகுதியில் 31.7 சதவீதம்.

வளர்ந்தவர்களின் படங்களில் வேலையின் தடம் தெரியும். மழையில் வழுக்கும் செங்குத்து மலையில் விழுந்து முறிந்த மணிக்கட்டு, கணுக்கால். கவ்வாத்துக் கத்தி பட்ட விரல். ரோலரில் சிக்கிய கை. கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, கழுத்தாலும் முதுகாலும் கொழுந்தைச் சுமந்த பெண்களின் கழுத்துப் படத்தில், வயது ஏற ஏறச் சுமைதாங்கும் முள்ளெலும்புகளின் ஓரம் கூர்ந்து வளர்வதையும் இடைவெளி குறைவதையும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். தோட்டத்தின் எந்தச் செக்ரோல் பதிவேட்டிலும் எழுதாத ஒரு பதிவு அது.

பெண்களின் நெஞ்சுப் படம் எடுக்கும்போது எடுப்பவரின் கவனம் இரண்டு விஷயங்களில் இருக்க வேண்டும். ஒன்று, கூந்தல். தோளில் தொங்கும் அடர்ந்த பின்னல் நுரையீரலின் மேல்நுனியில் நிழல் வீழ்த்தி, காசநோய்போலவே தோன்றும். ஆகவே பின்னலை உச்சியில் அள்ளி முடியச் சொல்வார்கள். மற்றது, தாலி. உலோகம் கதிரை முழுதும் மறிக்கும். கழற்ற மனமில்லாதவர்கள் அதைக் கழுத்தின் பின்னே தள்ளியோ, பல்லிடையே கவ்வியோ நிற்பார்கள். சில படங்களில் அது தப்பி, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் விலா எலும்புகளின் மேல் பளிச்சென்று விழுந்திருக்கும். ராண்ட்ஜன் மனைவியின் மோதிரத்தைப் போலவே, இந்த நகைகள்தான் பெயரில்லாத எலும்புக்கூட்டை ஒரு குறிப்பிட்ட பெண்ணாக்குகின்றன. மருத்துவர் குறை என்று சொல்வதே பழைய படத்தில் மிகுந்த உயிரோடு இருக்கும் இடம்.

இந்த அழகுக்குப் பலர் உடலால் விலை கொடுத்திருக்கிறார்கள். தொடக்ககால இயக்குநர்கள் குழாயின் வலிமையைத் தம் கையை வைத்தே சோதித்தார்கள். தோல் வெந்து, விரல் விரலாக இழந்து, புற்றுநோயில் இறந்தார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி 1904இல் இறந்தார். எடிசன் எக்ஸ்ரே ஆய்வையே கைவிட்டார். இப்படி இறந்தவர்களுக்காக 1936இல் ஹம்பர்க்கில் ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. முதலில் பொறிக்கப்பட்ட பெயர்கள் 169. கர்ப்பிணிகளின் இடுப்பெலும்பைப் படம் எடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1950களின் பிற்பாதியில் அலிஸ் ஸ்டுவர்ட், வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது என்று காட்டினார். மருத்துவ உலகம் அதை ஏற்க ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

பிலிமுக்கும் ஆபத்தான ஒரு காலம் இருந்தது. கண்ணாடித் தட்டுக்குப் பதிலாக வந்த முதல் பிலிம்கள் செலுலோஸ் நைத்திரேட்டால் ஆனவை. தீப்பற்றினால் நச்சுப் புகை கக்கும். 1929 மே 15 அன்று அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கின் அடித்தளத்தில் அடுக்கியிருந்த பிலிம்கள் எரிந்ததில் 120க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் எளிதில் தீப்பற்றாத அசிற்றேற் பிலிம் நிலைபெற்றது; 1960களில் பொலியெஸ்டர் வந்தது. அசிற்றேற்றுக்கு வேறு நோய். ஈரமும் வெப்பமும் பட்டால் அது வினாகிரி வாடையோடு சுருங்கி நெளியும். ஒரு பிலிமில் தொடங்கினால் பக்கத்திலிருப்பதையும் பிடிக்கும். மலைநாட்டில் வெப்பம் குறைவு என்பது ஆறுதல். ஆனால் மழையும் மூடுபனியும் நிறைந்த டயகமவில் ஜெலட்டினைத் தின்னும் பூஞ்சணத்துக்குப் பஞ்சமில்லை.

பிலிமின் காலமே ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1983இல் ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் பிலிம் இல்லாத கணினிக் கதிர்ப்படத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டயகம நோயாளிகள் எக்ஸ்ரேக்குப் போகும் இடங்களில் ஒன்றான டிக்கோயா கிளங்கனில், 2017 மே 12 அன்று, இந்திய உதவியுடன் கட்டிய 150 கட்டில் கொண்ட வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குப் போகும் மலையகப் பெண்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே இன்று கட்டாயச் சோதனை. என்றோ ஆறிப்போன காசநோயின் தழும்பு ஒன்று தெரிந்தாலும் விசா கிடைக்காமல் போகலாம். ஆக, நோயைத் தீர்க்கப் பிறந்த படம், ஆளைத் தள்ளிவைக்கவும் பயன்படுகிறது.

பழைய பிலிம்களில் பெரும்பகுதி உலகெங்கும் வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டுவிட்டது. ஆஸ்பத்திரிகள் தாம் வைத்திருந்ததை எடைக்கு விற்றன. வியாபாரிகள் இரசாயனத்தில் ஊறவைத்து வெள்ளியைப் பிரித்தார்கள். மலையகத்தில் எஞ்சியவை இருப்பதற்குக் காரணம் வேறு. இலங்கையின் அரச கிளினிக்குகளில் கொப்பியையும் படத்தையும் நோயாளியிடமே கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. அதனால் 14க்கு 17 அங்குலப் பிலிம்கள் காகித உறைக்குள் மடங்காமல், பிறப்புச் சான்றிதழும் பிரஜாவுரிமைப் பத்திரமும் இருக்கும் அதே தகரப் பெட்டியில் வந்து சேர்ந்தன. கிரகண நாளில் சூரியனைப் பார்க்க அவற்றைக் கண்முன் பிடித்த தலைமுறையும் உண்டு. அது கண்ணைக் கெடுக்கும். எக்ஸ்ரே பிலிம் சூரியனின் தீங்கான கதிரை நம்பத்தகுந்த அளவில் தடுப்பதில்லை.

பெரியதனமோ துரையோ எழுதிய ஆவணங்களில் தோட்டத் தொழிலாளி எண்ணாகவும் நாள் பேராகவும் மட்டுமே வருகிறார். அவருடைய உடலை, அவருக்காகவே, துல்லியமாகப் பதிந்த ஆவணம் இந்தப் பிலிம்தான். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் 2007இல் திறந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் லயத்துப் பொருள்களையும் பத்திரங்களையும் சேர்த்து வைக்கிறது. நூலகம் நிறுவனம் மலையக ஆவணங்களை மின்வடிவில் சேமிக்கிறது. எக்ஸ்ரே படங்களும் அந்தச் சேகரிப்புகளில் இடம்பெற வேண்டியவை. பெட்டியில் பழைய பிலிம் வைத்திருக்கும் குடும்பத்தார் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டாம். வினாகிரி வாடை வீசும் பிலிமைத் தனியே பிரித்துவிட்டு, மற்றவற்றை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டாதபடி இடையில் காகிதம் வைத்து, அடுப்புப் புகையும் ஈரமும் படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். ஓரத்தில் இருக்கும் பெயரும் நோயும் ஒருவருடைய சொந்த விஷயம். பிறருக்குக் காட்டுமுன் அவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ சம்மதம் கேளுங்கள். எடுத்த தேதி, இடம், அன்று அவர் செய்த வேலை ஆகிய மூன்றையும், தெரிந்தவர்கள் இருக்கும்போதே, உறையின்மேல் பென்சிலால் எழுதிவையுங்கள்.

(தொடரும்)